நைட் சைட் எத்தனை வருடம் ஒளிரும்? சிறிய கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு

நைட் சைட், அதாவது இருட்டிலும் ஒளிரும் புள்ளி வைத்த துப்பாக்கிக் குறிகாட்டி, வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை வருடம் வரும்? கடைக்காரரும் யோசிக்காமல் பன்னிரண்டு என்பார். பொய்யில்லை. ஆனால் அது உள்ளே அடைத்திருக்கும் வாயுவைப் பற்றிய பதில். உங்கள் கண்ணுக்கு அது எத்தனை வருடம் உதவும் என்பது வேறு கணக்கு. என்ன நிறம், எப்போது தயாரித்தது, நீங்கள் எந்த வெளிச்சத்தில் நின்று பார்க்கிறீர்கள், எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும்.

இங்கே எழுதுவதெல்லாம் அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு. இடையில் ஒரு வார்த்தை: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அங்குள்ள கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, வேட்டை உரிமம் மாதிரி ஒரு சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை வேறு. சக ஊழியர் வைத்திருக்கிறாரே என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள்.

உள்ளே என்னதான் இருக்கிறது

சைட்டில் தெரியும் பச்சைப் புள்ளிக்குப் பின்னால் அரிசியை விடச் சன்னமான ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதன் உட்சுவரில் ஒளிரும் தூள் பூசி, ட்ரிடியம் வாயுவை நிரப்பி, இரண்டு முனையையும் லேசரால் உருக்கி மூடியிருப்பார்கள். ட்ரிடியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அது சிதையும்போது வெளிவரும் பீட்டா துகள் தூளில் பட்டால் தூள் ஒளிரும், அவ்வளவுதான் விஷயம். பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது, வெயிலில் காட்டி சார்ஜ் ஏற்றவும் வேண்டாம். அணைக்கவும் முடியாது, நீங்கள் தூங்கும்போதும் பெட்டிக்குள் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். இந்தக் குழாயை ஓர் உலோக உறைக்குள் சிலிக்கோன் மெத்தை வைத்துப் பொருத்துவார்கள், நல்ல நிறுவனங்கள் முன்பக்கம் ஒரு சின்ன சஃபையர் கண்ணாடியும் வைப்பார்கள். துப்பாக்கி ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு (சைட் பொருத்தியிருக்கும் மேல்பாகம்) பின்னால் அடித்துத் திரும்புகிற வேகத்தில் வெறும் கண்ணாடிக் குழாய் தாங்காது.

கதிரியக்கம் என்றதும் வீட்டில் கேள்வி வரும். ட்ரிடியத்தின் பீட்டா துகளுக்குச் சக்தி மிகக் குறைவு. காற்றிலேயே சில மில்லிமீட்டர்தான் போகும், குழாயின் கண்ணாடியைத் தாண்டாது, தோலின் மேலடுக்கையும் தாண்டாது. குழாய் உடையாதவரை கவலைப்பட ஒன்றுமில்லை. உடைந்தால் என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடம் எங்கிருந்து வந்தது

ட்ரிடியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். அதாவது அத்தனை வருடத்தில் வாயுவில் பாதி ஹீலியம்-3 ஆக மாறிவிடும், அதனால் ஒளியும் பாதியாகும். வருடத்துக்குச் சுமார் ஐந்தரை சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 5 வருடத்தில் முக்கால் பங்கு மிச்சம், 10 வருடத்தில் 57 சதவீதம், 15 வருடத்தில் 43, 20 வருடத்தில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் குறைவு. இது வாயுவின் கணக்கு மட்டும். ஒளிரும் தூளும் இத்தனை வருடம் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது, அதுவும் மெல்ல மங்கும். ஆகவே உண்மையில் பாதி வெளிச்சத்துக்கு வருவது 12.3 வருடத்துக்கு முன்பே நடந்துவிடும். ஆரஞ்சு நிறத்தில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகம். அதனால்தான் சில நிறுவனங்கள் பச்சைக்கு நீண்ட உத்தரவாதமும் ஆரஞ்சுக்கு அதில் பாதிகூட இல்லாத உத்தரவாதமும் தருகின்றன. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், வாங்கும் முன் படியுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் கண் ஒளியை நேர்க்கோட்டில் அளப்பதில்லை. பாதி ஒளி என்றால் பாதியாகத் தெரியாது, கொஞ்சம் மங்கல் என்றுதான் தோன்றும். பன்னிரண்டு வருடப் பச்சைப் புள்ளியை விளக்கணைத்த அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பார்த்தால் "நல்லாத்தானே இருக்கு" என்பீர்கள். அதே சைட்டை ட்யூப் லைட் வெளிச்சத்தில் இருந்து இருட்டு வராந்தாவுக்கு வந்த உடனே பார்த்தால் புள்ளியே இருக்காது. சைட் ஒன்றுதான், மாறியது கண். முழுமையாக இருட்டுக்குப் பழக கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தை நிஜ வாழ்க்கை யாருக்கும் தருவதில்லை, ஆகவே சைட்டைச் சோதிப்பதும் பழகாத கண்ணோடுதான் இருக்க வேண்டும்.

தேதியைப் பாருங்கள், பிறகு விலையை

ட்ரிடியம் சைட்டை வாங்கும்போது அதன் வயது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. குழாயை அடைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது. கடை அலமாரியில் மூன்று வருடம் தூங்கிய சைட் "புதுசு" என்ற பெயரில் 15 சதவீதம் மங்கித்தான் உங்கள் கைக்கு வருகிறது. தள்ளுபடி விலையில் வரும் பழைய இருப்பில் இது சகஜம். சில தயாரிப்புகளில் பின் சைட்டின் பக்கவாட்டில் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் பொறித்திருக்கும், சிலவற்றில் அட்டையில் மட்டும் இருக்கும். எங்கேயும் இல்லையென்றால் சைட்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கினால் இது இன்னும் முக்கியம். அமெரிக்கக் காவல் துறைகள் பல .40 காலிபர் தோட்டாவை விட்டு 9 மி.மீ. தோட்டாவுக்குத் திரும்பியபோது, கைமாறிய க்ளாக் 22, க்ளாக் 23 என்ற .40 துப்பாக்கிகள் நிறையச் சந்தைக்கு வந்தன. விலை மலிவு, உள்பாகங்களும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். "நைட் சைட்டுடன்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள், அதில் இருப்பது பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட சைட்டாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு டாலர்கூட கூடுதலாகத் தர வேண்டாம், புது சைட் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

படத்தைப் பார்த்து வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய தில்லுமுல்லு ஒன்று இருக்கிறது. இன்றைய சைட்டுகள் பலவற்றில் முன் புள்ளியைச் சுற்றி ஆரஞ்சோ மஞ்சளோ ஒரு வளையம் இருக்கும். சிலவற்றில் அது வெளிச்சத்தை உறிஞ்சி ஒளிரும் பூச்சு. டார்ச்சை முப்பது விநாடி அடித்துவிட்டு விளக்கை அணைத்தால் அந்த வளையம் சும்மா ஜொலிக்கும், நடுவில் குழாய் செத்தே போயிருந்தாலும் படத்தில் தெரியாது. போதாக்குறைக்கு போன் கேமராவின் நைட் மோட் எல்லாவற்றையும் தூக்கிக் காட்டும். சில மணி நேரம் டிராயரில் வைத்துவிட்டு எடுத்த படம் வேண்டும் என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இடுப்பில் செருகுபவர்களுக்கும் இந்த வளையத்தில் ஒரு பாடம் இருக்கிறது. நாள் முழுக்க ஹோல்ஸ்டர் எனும் உறைக்குள், அதற்கு மேல் சட்டை. பூச்சுக்கு எங்கிருந்து வெளிச்சம் கிடைக்கும்? இரவில் எடுக்கும்போது வளையம் கறுப்பாகத்தான் இருக்கும். பகலில் கண்ணில் சட்டென்று படுவதற்கு அது நல்லது, இரவுக்கு நடுவில் இருக்கும் குழாயை மட்டும் நம்புங்கள். ஃபைபர் ஆப்டிக்கும் (சுற்றியுள்ள வெளிச்சத்தை வாங்கி முனையில் காட்டும் இழை) ட்ரிடியமும் சேர்ந்து வரும் சைட்டுகளிலும் அதே கதைதான்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி

முதலில் தோட்டா அடைத்த மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை இழுத்து, சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வையுங்கள். இருட்டில் செய்யப் போகிற வேலை இது, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அலுப்பு கூடாது.

ஒளிர்பூச்சு அடங்குவதற்காகத் துப்பாக்கியைச் சில மணி நேரம் மூடிய பெட்டியில் வையுங்கள். இரவில் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு குளியலறை விளக்கை மட்டும் எரியவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். வெளிச்சம் கூடத்தில் லேசாகக் கசியும், சோபா எது, நாற்காலி எது என்று தெரியும், ஆனால் சட்டை நிறம் தெரியாது. அந்த அளவு போதும். நீங்கள் முழு வெளிச்சமுள்ள அறையில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்து, பாதுகாப்பான ஒரு சுவரை நோக்கிக் குறி பாருங்கள். முன் புள்ளி உடனே கண்ணில் பட்டதா? தேட வேண்டியிருந்ததா? இரண்டு மூன்று விநாடி தேடினால் அந்த சைட்டின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. கும்மிருட்டில் பார்ப்பது சைட் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும், பயன்படுமா என்பதைச் சொல்லாது. கும்மிருட்டில் எதிரே நிற்பது யாரென்றே தெரியாதே, அங்கே புள்ளி பிரகாசமாக இருந்து என்ன லாபம்?

சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து வெளியிலும் ஒரு தடவை இதைச் செய்து பார்க்கலாம், சொந்த இடம் இருப்பவர்கள் மட்டும். வாகன நிறுத்துமிடத்தில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றால் போலீஸ் வரும்.

வருடா வருடம் எவ்வளவு மங்குகிறது என்று தெரிய வேண்டுமா, போன் போதும். கேமராவை மேனுவல் மோடில் வைத்து ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 2 விநாடி என்று பூட்டிவிடுங்கள். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து, சைட்டிலிருந்து ஒரு முழ அளவு தூரத்தில் வைத்து, முழு இருட்டில், டைமர் போட்டு எடுங்கள். அடுத்த வருடம் அதே தூரம், அதே எண்கள், முடிந்தால் அதே போன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நினைவை நம்ப வேண்டியதில்லை. மூன்று புள்ளியில் ஒன்று மட்டும், சுத்தம் செய்த பிறகும், சட்டென்று மங்கியிருந்தால் அது வயது இல்லை, குழாய் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். உத்தரவாதத்தில் கேளுங்கள்.

சிறிய துப்பாக்கிக்கு எந்த அமைப்பு

க்ளாக் 19-இல் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 153 மி.மீ. இருக்கிறது. க்ளாக் 43, 43எக்ஸ் வகையில் 132 மி.மீ.தான். இடைவெளி குறையக் குறைய சின்னப் பிசகும் பெரிதாகும். 132 மி.மீ. துப்பாக்கியில் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தூரத்தில் குறி 7.6 செ.மீ. தள்ளிப் போகும், 153 மி.மீ.யில் அது 6.5 செ.மீ.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக்கால மூன்று பச்சைப் புள்ளி அமைப்பைப் பாருங்கள். பின் சைட் கண்ணுக்குக் கிட்டே இருப்பதால் அதன் இரண்டு புள்ளிகள் முன் புள்ளியை விடப் பளிச்சென்று தெரியும். இருட்டில் துப்பாக்கியின் உருவம் தெரியாது, மிதக்கும் மூன்று புள்ளிகள்தான் தெரியும். எது முன், எது பின்? அவசரத்தில் முன் புள்ளியை இரண்டுக்கும் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்துவிட்டு மூன்றும் வரிசையாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிடுவது நடக்கக்கூடியதுதான். என் அபிப்பிராயம்: முன்னால் பிரகாசமான பச்சை, பின்னால் ஒன்றுமே இல்லாத கறுப்பு, அல்லது முன்னதை விட மங்கலான இரண்டு புள்ளிகள். பின்னால் ஆரஞ்சோ மஞ்சளோ வைத்தாலும் சரி, நிறமே வித்தியாசம் காட்டிவிடும், அது சீக்கிரம் மங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. ஆரஞ்சுக் குழாயை முன்னால் வைப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். அழகாக இருக்கும், ஆனால் மங்கலில் நம் கண் பச்சைக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது, ஆரஞ்சு முதல் நாளிலேயே அதைவிட மங்கல்தான்.

2018-இல் வந்த சிக் பி365 முன்னால் பச்சை வளையத்துக்குள் ட்ரிடியம் வைத்த சைட்டோடு வந்தது. 2019-இல் வந்த ஸ்ப்ரிங்ஃபீல்டு ஹெல்கேட் முன்னால் மட்டும் ட்ரிடியம், பின்னால் யு வடிவ வெள்ளைக் கோடு. இப்படி நல்ல சைட்டோடே வரும் துப்பாக்கிக்கு அவசரப்பட்டு வேறு சைட் வாங்க வேண்டாம். க்ளாக்கின் சாதாரண பிளாஸ்டிக் சைட்டைத்தான் பெரும்பாலோர் மாற்றுகிறார்கள், அது நியாயமும்கூட. ட்ரிஜிகான், மெப்ரோலைட், அமெரிக்ளோ, எக்ஸ்எஸ், ட்ரூக்ளோ என்று தயாரிப்பாளர்கள் நிறைய. குழாய் எல்லாவற்றிலும் ஒரே தொழில்நுட்பம்தான், வித்தியாசம் உறையிலும் முன் புள்ளியின் அகலத்திலும் பின் சைட்டின் வடிவத்திலும்.

ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் பேட்டரி சைட்) வைத்திருப்பவர்கள் நைட் சைட் எதற்கு என்று கேட்பார்கள். பேட்டரி தீர்ந்தாலோ கண்ணாடியில் மழை வழிந்தாலோ கை கொடுப்பது இதுதான். டார்ச் விஷயம் வேறு. விளக்கை அடித்த நிமிடம் சைட் கறுப்பு நிழலுருவாகத் தெரியும், ட்ரிடியம் காணாமல் போகும். ஆகவே நைட் சைட் டார்ச்சுக்கு மாற்று இல்லை. அது உங்கள் துப்பாக்கி எங்கே பார்க்கிறது என்பதைக் காட்டும், எதிரே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த பிள்ளையா என்பதைக் காட்டாது. விளக்கில்லாமல் நைட் சைட் மட்டும் வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் முதலில் விளக்கை வாங்குங்கள்.

மங்கியது வயதா, அழுக்கா

சைட் மாற்றும் முன் சுத்தம் செய்து பாருங்கள். இடுப்பில் வைத்திருக்கும் துப்பாக்கியின் பின் சைட்டில் சட்டைப் பஞ்சும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து ஒரு படலமாகப் படியும், முன் சைட்டில் வெடிமருந்துப் புகை. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகச் சுழற்றுங்கள், குச்சி கறுப்பாக வரும். பிறகு உலர்ந்த குச்சி. ஆறு ஏழு வருட சைட்டுகள் பலவும் இந்த ஒரு நிமிட வேலையிலேயே தேறிவிடும். பேரலுக்குப் போடும் காரமான கரைப்பானைச் சைட்டில் விடாதீர்கள், வெள்ளை வளையத்தையும் குழாயைப் பிடித்திருக்கும் பசையையும் அது கெடுக்கலாம். அல்ட்ராசானிக் தொட்டியில் ஸ்லைடைப் போடுவதும் வேண்டாம். ஸ்லைடுக்குப் புதுப் பூச்சு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் சைட்டைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், சூளைச் சூடு குழாய்க்கு ஆகாது.

மாற்றும்போது

க்ளாக்கின் முன் சைட்டை ஸ்லைடின் உள்ளே இருந்து ஒரு சின்னத் திருகு பிடித்திருக்கும். அதற்கு 3/16 அங்குல, சுவர் மெலிந்த நட் டிரைவர் வேண்டும், சாதாரணமானது உள்ளே நுழையாது. புதுத் திருகில் த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டால் போதும், அதிகம் விட்டால் வழிந்து குழாய் வரை போகும். விரலிறுக்கத்துக்கு மேல் கால் சுற்று, அதற்கு மேல் முறுக்கினால் திருகு ஒடியும். பின் சைட் டவ்டெயிலில், அதாவது ஸ்லைடில் குறுக்கே வெட்டிய பள்ளத்தில், இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இதற்கு சைட் புஷர் என்ற கருவி இருக்கிறது, பக்கவாட்டில் திருகித் திருகி நகர்த்தும். சுத்தியலும் இரும்புத் துண்டும் எடுத்து அடித்தால் சைட் நகரும், ஆனால் அதிர்ச்சியில் குழாய் விரியலாம். கருவி இல்லையென்றால் கடையில் கொடுத்துவிடுங்கள், கூலி பெரிதாக இருக்காது. சிக், ஸ்மித் அண்ட் வெஸன் வகைகளில் முன் சைட்டும் டவ்டெயில்தான், அவை க்ளாக்கை விட முரட்டு இறுக்கம்.

சைட்டை நடுவில் உட்கார வைத்ததும் சுட்டுப் பாருங்கள். தோட்டா இடப்பக்கம் போனால் பின் சைட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள், எந்தப் பக்கம் தோட்டா போக வேண்டுமோ அந்தப் பக்கம். தாழப் போனால் முன் சைட் உயரம் அதிகம். ஆனால் முதலில் ட்ரிகர் இழுக்கும் விரலைச் சந்தேகியுங்கள், சிறிய துப்பாக்கியில் பாதிப் பிழை அங்கேதான்.

உடைந்தால், தீர்ந்தால்

குழாய் உடைந்தால் வாயு சட்டென்று வெளியேறி காற்றில் கலந்துவிடும். ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள், கொஞ்ச நேரம் கழித்து வந்து கையுறை போட்டு சைட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடைந்த குழாயைத் தோண்டி எடுத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

அமெரிக்காவில் இந்த சைட்டை வைத்திருக்க உங்களுக்கு அணுசக்தி உரிமம் எதுவும் தேவையில்லை, தயாரிப்பவருக்கும் முதலில் விநியோகிப்பவருக்கும்தான் தேவை. ஆனால் அந்த விலக்கு பொம்மைக்கும் அலங்காரப் பொருளுக்கும் கிடையாது. ட்ரிடியம் சாவிக்கொத்து அங்கே கடைகளில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். ஆகவே மங்கிப்போன சைட்டிலிருந்து குழாயை உருவி சாவிக்கொத்தில் ஒட்டலாம் என்று வரும் யோசனைகளைத் தள்ளிவிடுங்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், பாதி வாயு இன்னும் உள்ளே இருக்கிறது. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினால் எப்படித் திருப்பி அனுப்புவது என்று சொல்வார்கள். அதே கடிதத்தில் பழைய உறையிலேயே புதுக் குழாய் வைத்துத் தருவீர்களா என்றும் கேட்டுவிடுங்கள், அந்த வழி இருந்தால் ஏற்கெனவே சரியாகச் சுட்டுப் பார்த்துப் பொருத்திய உயரம் மாறாமல் கிடைக்கும்.